வீட்டில் கற்கும் பிள்ளைக்கு எந்தக் கணிதம்?

மும்பை மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்நாளில் ஒரு வினா எழுந்து நிற்கின்றது. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ பள்ளியை விட்ட பிள்ளை வீட்டில் இருக்கின்றது. ஓரிடத்தில் பிணி காரணம். மற்றோரிடத்தில் குடும்பம் ஊருக்குச் சென்று ஓராண்டு தங்கி மீண்டமை காரணம். வேறோரிடத்தில் மொழி காரணம். திருநெல்வேலியில் தமிழில் பயின்ற பிள்ளை இங்கு வந்ததும் மராத்தியையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே எதிர்கொள்ள இயலாமல் பின்தங்கிவிடுகின்றது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராட்டிரப் பள்ளிகள் அனைத்திலும் மராத்தி கட்டாய பாடமாயிற்று என்பதை அன்பர்கள் அறிவர். இவையன்றி, பள்ளியைக் காட்டிலும் வீட்டிலேயே நன்கு கற்பிக்கலாம் என்று தாமே துணிந்த பெற்றோரும் செம்பூரிலும் மாதுங்காவிலும் சிலர் உளர்.

காரணம் எதுவாயினும், இப்பெற்றோர் அனைவரும் ஓரிடத்தில் வந்து தயங்குகின்றனர். அவ்விடம் கணிதம். மொழியைப் பேச்சால் வளர்க்கலாம். வரலாற்றைப் படித்துக் காட்டலாம். கணிதத்தையோ ஒரு படி தவறினால் மறுபடி ஏற இயலாத ஏணியாகப் பெற்றோர் காண்கின்றனர். எந்தப் பாடத்திட்டம், எந்த நூல், எந்தத் தேர்வு என்பதே அவர்தம் கவலை. இதற்கு நாம் அறிந்த அளவில் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கின்றது. அக்கடமையில் தவறிய பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அச்சட்டத்தில் விதிக்கப்படவில்லை. ஆயினும் இதனைக் கொண்டு, வீட்டுக் கல்வி என்னும் பெயரால் பிள்ளையைத் தாராவியின் தோல் பட்டறைக்கோ தையற் கூடத்திற்கோ அனுப்புதல் பெரும் பிழை. 14 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்துவது குற்றம்; பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் சிறு துணை செய்வதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விலக்காக வைத்துள்ளது. அக்குடும்பத் தொழிலும் தீங்கு பயப்பதாக இருத்தல் ஆகாது. நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் அமர்ந்து கற்பிக்க வீட்டில் ஒருவர் இல்லையெனில், பிள்ளைக்கு ஏற்ற இடம் பள்ளியே. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகின்றது. அதனை மறந்துவிடலாகாது.

தேர்வு வேறு, நூல் வேறு

பெற்றோர் பலரும் மயங்குவது இங்கேதான். எந்த வாரியத்தின் தேர்வை எழுதுகின்றோமோ அதன் நூலை மட்டுமே படிக்க வேண்டும் என்று எண்ணுகின்றனர். பள்ளியிற் பயிலும் பிள்ளைக்கு அவ்வாறே. வீட்டிற் கற்கும் பிள்ளைக்கு அக்கட்டு இல்லை. சான்றிதழுக்கு ஒரு வாயிலையும், அறிவுக்கு வேறொரு நூலையும் தேர்ந்துகொள்ளும் உரிமை அதற்கு உண்டு. ஆதலின் முதலில் வாயில்களைக் காண்போம்.

வீட்டிற் கற்போர் பெரும்பாலும் நாடுவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை. என்.ஐ.ஓ.எஸ். என்று சுருக்கமாக வழங்குவது இதுவே. 1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தன்னாட்சி பெற்று, 2002-இல் இப்பெயர் கொண்டது. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்பு நிலைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி போதும். பதிவு ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுதலாம். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டுவதில்லை. ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு நடைபெறும். தமிழை ஒரு மொழிப் பாடமாக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு.

இரண்டாவது வாயில், மகாராட்டிர மாநில வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. இதற்குரியது 17-ஆம் எண் படிவம். இவ்வாரியத்தில் கணிதம் இரு தாள்களாக அமைந்துள்ளது. முதற்பகுதி இயற்கணிதம், இரண்டாம் பகுதி வடிவியல். ஒவ்வொன்றும் 40 மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். மீதி 20 அகமதிப்பீடு. இம்மாநிலத்திலேயே மேற்படிப்பைத் தொடர எண்ணுவோர்க்கு இவ்வழி பழகிய வழி.

மூன்றாவது, கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு. இதிற் கணிதம் அடிப்படை நிலை, விரிவு நிலை என இரண்டாகப் பிரிந்துள்ளது. 2025-ஆம் ஆண்டு முதல் கணிப்பான் இன்றி எழுதும் தாளும் இதில் கட்டாயமாயிற்று. வெளிநாட்டிற் படிக்க விழைவோர்க்கு இது பயன்தரும். ஆயின் என்.ஐ.ஓ.எஸ். கட்டணம் சில ஆயிரம் ரூபாயில் அடங்க, இதன் செலவு பல மடங்கு கூடும். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் இதனை நன்கு எண்ணிப் பார்த்தே இறங்க வேண்டும்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தை விரும்புவோரும் உளர். அவ்வாரியம் புதிதாகத் தனித்தேர்வராக வருவோரை எளிதில் ஏற்பதில்லை. ஆதலின் அதன் நூல்களைப் பயன்படுத்தலாமேயன்றி, அதன் தேர்வை நம்பியிருத்தல் தகாது.

கணிதத்தை விட்டுவிடலாமா?

என்.ஐ.ஓ.எஸ்.-இல் ஐந்து பாடங்களை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்றோம். அவற்றுள் கணிதம் இருந்தே தீர வேண்டும் என்னும் விதி இல்லை. இது வரமாகவும் தோன்றும், பொறியாகவும் ஆகும். "கணிதம் வேண்டாம், பிள்ளை எப்படியாவது தேறட்டும்" என்று எண்ணி அதனை விலக்கிய வீடுகள் உண்டு. மூன்றாண்டு கழித்து அதன் விளைவு தெரியவரும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர், பொருத்துநர் முதலிய பயிற்சிகளுக்கு, அறிவியலும் கணிதமும் கொண்ட பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கேட்கின்றனர். பதினொன்றாம் வகுப்பில் அறிவியற் பிரிவின் கணிதத்தைத் தொடவும் இது வேண்டும். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் அன்பர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் கேள்வி, இரயில்வே வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்பதே. என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழ் மத்திய அரசுப் பணிகளுக்கு ஏற்புடையது. ஆயின் வேலைக்குரிய போட்டித் தேர்விலே கணிதம் காத்து நிற்கின்றது. முதல் நிலைப் பணியாளர் தேர்வில் 100 வினாக்களில் 25 கணிதம். எழுத்தர், நிலைய அதிகாரி முதலிய பணிகளுக்கான முதற்கட்டத் தேர்வில் 100-க்கு 30. பத்தாம் வகுப்பிற் கணிதத்தை ஒதுக்கிய பிள்ளை இருபது வயதில் அதனை எவர் துணையுமின்றிக் கற்க நேரிடும். ஆகவே, மதிப்பெண் குறைந்தாலும் கணிதம் இருக்கட்டும் என்பதே நம் துணிபு. என்.ஐ.ஓ.எஸ்.-இல் தேர்ச்சிக்கு 33 விழுக்காடு போதும். ஒன்பது வாய்ப்புகள் உள்ளன. அஞ்ச வேண்டுவதில்லை.

நூல்களை ஒப்பிடுவோம்

இனி நூல்கள். நாம் இங்குக் கூறும் அரசு நூல்கள் அனைத்தும் அந்தந்த நிறுவனங்களின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சு நூலே வேண்டுவோர் மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் பழைய புத்தகக் கடைகளைத் தேடிச் செல்லலாம்.

என்.ஐ.ஓ.எஸ். கணித நூல் ஆறு பகுதிகளை உடையது: இயற்கணிதம், வணிகக் கணிதம், வடிவியல், அளவியல், முக்கோணவியல், புள்ளியியல். ஆசிரியரின்றித் தானே படிப்பதற்காக எழுதப்பட்டமையால் விளக்கங்கள் படிப்படியாக உள்ளன. இடையிடையே பிள்ளை தன்னைச் சோதித்துக்கொள்ளும் வினாக்களும் உள்ளன. இதன் வணிகக் கணிதப் பகுதி நம் இல்லங்களுக்கு மிக ஏற்றது. தவணை முறையிற் பொருள் வாங்குவதை அது விளக்குகின்றது.

அம்முறையில் ஒரு கணக்கை இங்கே காண்போம். 12,000 ரூபாய் விலையுள்ள குளிர்பதனப் பெட்டி. கையில் 3,000 ரூபாய் கட்டி, பின்னர் மாதம் 1,600 ரூபாயாக ஆறு மாதம் கட்ட வேண்டும். மொத்தம் 12,600 ரூபாய். மிகையாகக் கொடுப்பது 600 ரூபாய்தான், அது பெரிதன்று என்று கடைக்காரர் கூறுவார். 9,000 ரூபாய்க்கு 600 ரூபாய் என்றால் ஏழு விழுக்காடு கூட இல்லையே என்று நாமும் எண்ணுவோம். ஆயின் 9,000 ரூபாய் ஆறு மாதமும் நம்மிடம் இருப்பதில்லை. முதல் மாதம் 9,000, அடுத்து 7,400, பின் 5,800, 4,200, 2,600, 1,000 என்று குறைந்துகொண்டே செல்கின்றது. இவற்றின் கூட்டுத்தொகை 30,000. அதாவது 30,000 ரூபாயை ஒரு மாதம் வைத்திருந்ததற்கு வட்டி 600 ரூபாய். மாதத்திற்கு 2 விழுக்காடு. ஆண்டுக்கு 24 விழுக்காடு! இக்கணக்கை அறிந்த பிள்ளை வீட்டின் பொருளாதாரத்தைக் காக்க வல்லது. அறியாத வீடு ஒவ்வொரு தவணையிலும் இழந்துகொண்டே இருக்கும்.

மகாராட்டிர வாரியத்திற்காகப் பாலபாரதி 2018-இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு இயற்கணித நூலிலும் நிதித் திட்டமிடல் என்னும் இயல் உண்டு. சரக்கு சேவை வரியும் பங்குகளும் அதில் விளக்கப்பட்டுள்ளன. வடிவியல் பகுதியில் வடிவொப்புமை, பிதாகரஸ் தேற்றம், வட்டம், செய்முறை வடிவியல் ஆகியவை முறையாக நிறுவப்படுகின்றன. நிறுவல் முறையில் பிள்ளை தேற வேண்டுமென விரும்புவோர்க்கு இந்நூல் நன்று.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு நூல் இவற்றினும் சற்றுக் கனமானது. உறவுகளும் சார்புகளும் என்னும் இயலோடு அது தொடங்குகின்றது, அணிகளையும் கற்பிக்கின்றது. மத்திய அரசின் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு நூல்களில் அணிகள் பன்னிரண்டாம் வகுப்பிலேதான் வரும். இந்நூலின் சிறப்பு, அது தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே அமைப்பிற் கிடைப்பது. தமிழிற் பயின்ற தந்தை தமிழ் நூலையும், ஆங்கிலத்திற் பயிலும் மகள் ஆங்கில நூலையும் அருகருகே விரித்துவைத்துக் கற்கலாம். 2019-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் இதற்குத் துணையாகும்.

மொழியால் வரும் தடை

"எமக்குக் கணிதம் தெரியும், ஆனால் பிள்ளையின் நூலில் உள்ள சொற்கள் தெரியா" என்று கூறும் பெற்றோர் நம்மிடையே மிகுதி. இது உண்மையான இடர். ஆயின் எளிதில் நீங்குவது. ஒரு சிறு குறிப்பேட்டில் மும்மொழிச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டால் ஒரு திங்களுக்குள் பழகிவிடும். நாம் இயற்கணிதம் என்பதை மராத்தியர் பீஜகணித் என்பர், ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா. வடிவியல் அவர்க்குப் பூமிதி, ஆங்கிலத்தில் ஜியோமெட்ரி. இருபடிச் சமன்பாடு வர்கசமீகரண் ஆகும். ஆங்கிலத்தில் குவாட்ராடிக் ஈக்வேஷன். நிகழ்தகவு அவர்க்குச் சம்பாவ்யதா, ஆங்கிலத்தில் பிராபபிலிட்டி. சர்வசமம் என்பது ஏகரூப. வடிவொப்புமை என்பது சமரூபதா. பெயர்கள் மாறினும் முக்கோணம் மாறுவதில்லை. இவ்வாறு சொற்களைத் தொகுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். தொகுக்கும்போதே பாடமும் மனத்திற் பதியும்.

தொடங்குமுன் சோதிக்க

பிள்ளை எட்டாம் வகுப்பு வரை படித்தது என்பதால் ஒன்பதாம் வகுப்பு நூலை உடனே கையிற் கொடுத்தல் ஆகாது. இந்நான்கு கணக்குகளை முதலிற் கொடுத்துப் பார்க்க. முக்காலோடு ஐந்தில் இரண்டு பங்கைக் கூட்டுக. விடை இருபதில் இருபத்து மூன்று பங்கு. மைனஸ் 3-இலிருந்து மைனஸ் 8-ஐக் கழிக்க, விடை 5. 1,200 ரூபாய்ப் பொருளுக்கு 15 விழுக்காடு தள்ளுபடி போக விலை யாது? விடை 1,020 ரூபாய். ஓர் எண்ணின் இருமடங்கோடு 7 சேர்த்தால் 19, அவ்வெண் யாது? விடை 6.

நான்கையும் தயங்காமற் செய்தால் ஒன்பதாம் வகுப்பு நூலைத் தொடங்கலாம். பின்னத்திலோ குறை எண்ணிலோ தடுமாறினால் ஆறாம், ஏழாம் வகுப்பு நூல்களுக்கு இறங்கி வருக. இதில் இழிவு ஒன்றும் இல்லை. மூன்று திங்கள் கீழே செலவிடுவது மேலே ஓராண்டை மிச்சப்படுத்தும். பின்னம் அறியாத பிள்ளைக்கு இயற்கணிதம் என்றும் இருளாகவே இருக்கும்.

நாள்தோறும் ஒரு மணி நேரம் போதும். முதற் பத்து நிமிடம் நேற்றைய கணக்குகள். அடுத்த அரை மணி புதிய பாடம். கடைசி இருபது நிமிடம் பிள்ளை தான் கற்றதைத் தாய்க்கோ தம்பிக்கோ விளக்கிச் சொல்லுதல். விளக்க இயலாத இடமே விளங்காத இடம் என்று அறிக. ஒற்றை அறை வீட்டில் அமைதி கிடைப்பது அரிது. ஆதலின் தண்ணீர் வரும் வேளைக்கு முன்னரோ, இரவுணவுக்குப் பின்னரோ ஒரு நேரத்தைக் குறித்து, அதனை மாற்றாதிருத்தல் வேண்டும். ஞாயிறுதோறும் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதச் செய்க.

எதனைத் தேர்ந்துகொள்வது?

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பிள்ளையின் குறிக்கோளே தேர்வை முடிவு செய்யும் என்பது விளங்கும். பத்தாம் வகுப்பு முடித்துத் தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ செல்ல வேண்டுமாயின், என்.ஐ.ஓ.எஸ். பதிவும் அதன் நூலும் போதுமானவை. அறிவியலும் பொறியியலும் நாடுவோர் என்.ஐ.ஓ.எஸ்.-இல் பதிந்துகொண்டு, தமிழ்நாட்டு நூலையோ தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் நூலையோ உடன் படிக்க வேண்டும். மும்பையிலேயே வேரூன்ற எண்ணி, மராத்தியும் ஓரளவு அறிந்த பிள்ளைக்கு மாநில வாரியம் பொருந்தும். பதிவை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேராகச் செய்க. "தேர்வெழுதாமலே சான்றிதழ்" என்று கூவும் இடைத்தரகர்களின் சொல்லைக் கேட்டுப் பணத்தையும் பிள்ளையின் ஆண்டையும் இழக்க வேண்டா.

சான்றிதழ் தேவையா, அறிவு மட்டும் போதாதா என்று வினவுவோர் உளர். இந்நகரைச் சேர்ந்த ஒரு பெண், பத்தாம் வகுப்புச் சான்றிதழும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் இன்றி வீட்டிலேயே பயின்று, பன்னாட்டுக் கணிப்பொறியியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வென்று, 2016-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்றார். நம் நாட்டு ஐ.ஐ.டி.களிலோ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியின்றிச் சேர இயலாது. அத்தகைய திறன் வாய்ந்தோர்க்கு வழிகாட்ட, செம்பூரை அடுத்த மான்கூர்டில் ஓமி பாபா அறிவியற் கல்வி மையம் ஒலிம்பியாடுப் பணிகளை நடத்தி வருகின்றது. ஆயின் அது ஆயிரத்தில் ஒருவர்க்கு வாய்ப்பது.

நம் இராமானுசனின் வாழ்வே இரண்டையும் உணர்த்தும். 1903-ஆம் ஆண்டளவில், கார் என்பார் தொகுத்த கணித நூல் ஒன்று கும்பகோணத்தில் அவர் கைக்கு வந்தது. அந்த ஒரே நூல் அவருக்குள் உறங்கிய மேதையை எழுப்பியது. அதே இராமானுசன் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். பட்டமின்றிப் பல ஆண்டு வறுமையில் அலைந்து, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். நல்ல நூல் எவ்வளவு உயர்த்தும் என்பதற்கும், சான்றிதழ் இன்மை எவ்வளவு வருத்தும் என்பதற்கும் அவரே சான்று.

ஆதலின் அன்பர்காள், நூலைத் தேர்வதில் நன்மையைக் கருதுக. வாயிலைத் தேர்வதில் நாளையைக் கருதுக. சங்கத்து உறுப்பினர்களில் கணிதம் அறிந்த ஆசிரியரும் பொறியாளரும் கல்லூரி மாணவரும் பலர் உளர். அவருள் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலையை வீட்டிற் கற்கும் ஒரு பிள்ளைக்கென ஒதுக்குவாராயின், தாராவியின் ஒற்றை அறை வீட்டிலிருந்தும் ஒரு மின்பணியாளரோ ஒரு பொறியாளரோ எழுந்து வருவது உறுதி. பள்ளியை இழந்த பிள்ளை கணிதத்தையும் இழந்துவிடாமற் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.